இஞ்சின் குடிக்கும் ஓடை

கூலாய் தாண்டியதும் என் புடவையில் முதல் ஓட்டை விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி அதற்கு முன்பே என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலோர இடத்தைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். நெருப்புப் பொறி வரும், தள்ளி உட்கார் என்று அவள் சொன்னது சுருக்கென்று தோளில் சுட்ட பிறகுதான் விளங்கியது. அந்தப் பெட்டியில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழவி தன்னிடமிருந்த இன்னொரு துண்டைத் தண்ணீரில் நனைத்து என் மேல் போட்டாள். அதற்குப் பிறகு வழியெல்லாம் என்னைக் கண்டித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கண்டிப்பு நன்றாகவே புரிந்தது.

நெருப்புப் பொறி எனக்குப் புதிதல்ல. கடலூருக்கு வடக்கே மணல்காட்டில் எனக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு நானே நட்டு, நானே வெட்டி, நானே விற்கிறேன். எங்கள் பக்கத்து ரயிலுக்குப் பல வருஷம் விறகு போட்டிருக்கிறேன். நான் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகளில் பாதிக்கு மேல் இஞ்சின் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். இஞ்சினின் புகையைப் பார்த்தால் உள்ளே என்ன எரிகிறது என்று சொல்லிவிடுவேன்.

என் தம்பி தணிகாசலம் மலாய் நாட்டில் பெக்கோக் என்ற ஊரில் ரயிலுக்கு விறகு போடுகிற கண்டிராக்டராக இருந்தான். பதினேழு வயதில் கப்பல் ஏறியவன், ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. கல்யாணத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டான். பிள்ளைக்குக் காது குத்தப் போகிறேன், அத்தை இல்லாமல் எப்படி என்று சொல்லி அனுப்பியிருந்தான். கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன். கப்பலில் வாந்தி எடுத்த கதையை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் குமட்டும், அதனால் விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரையும் ஜொகூரையும் கல்லைக் கொட்டி இணைத்திருக்கிறார்கள். அதன் மேல் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் கடல். அங்கே மட்டும் நான் வாய் திறக்காமல் இருந்தேன்.

குளுவாங்கில் ஒரு மலாய்க்காரர் வாழையிலையில் பொதிந்த சோறு விற்றார். தேங்காய்ப்பால் சோறு, மேலே வறுத்த நெத்திலி, பக்கத்தில் இரத்தச் சிவப்பாக ஒரு துவையல். துவையலை நம் ஊர் மிளகாய்த் துவையல் மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கிழவிக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு.

பாலோ தாண்டியதும் ஒரு மேடு வந்தது. வண்டி முனகியது, நடுங்கியது, நின்றே விட்டது. புகை வெள்ளை வெளேரென்று பெட்டிகளின் மேல் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி நேராக இஞ்சினுக்குப் போனேன். கூடவே நாலைந்து பேர் வந்தார்கள். நெருப்புத் தள்ளுகிறவர் நம் ஆள், தஞ்சாவூர்ப் பக்கம். முகமெல்லாம் கரியும் வேர்வையுமாக விறகுக் கட்டைகளைத் தூக்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தார்.

“இதை அடுப்புல போடறதும் ஒண்ணு, ஆத்துல போடறதும் ஒண்ணு” என்றார்.

ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தேன். பச்சை மரம். வெட்டிய முனையில் பால் இன்னும் காயவில்லை. அடுக்கின் வெளிப்பக்கம் காய்ந்த கட்டை, உள்ளே பச்சை. இந்த வேலையெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு, ஆனால் என் தோப்பில் இல்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதைப் போட்டவன் எவனோ சரியான திருடன், பிள்ளை குட்டிக்காரர்களை நடுக்காட்டில் நிறுத்திவிட்டானே, அவன் கையில் இனிமேல் ஒரு சுள்ளி கூட வாங்கக் கூடாது என்று அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தேன். கார்டு ஒரு சீக்கியர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். வண்டி பின்னால் இறங்கிப் போய், வெகு நேரம் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் ஓடி வந்து மேட்டில் ஏறியது.

பெக்கோக்கில் தம்பி நின்றுகொண்டிருந்தான். மீசையெல்லாம் வைத்திருந்தான். கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் வண்டி நின்ற கதையையும் என் பிரசங்கத்தையும் சொன்னேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அக்கா, மெதுவாப் பேசு. குளுவாங்ல ஏத்தினது நம்ம விறகுதான்.”

வீட்டுக்குப் போகிற வரை நான் அவனோடு பேசவில்லை. வீடு, ரயில் பாதையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பலகை வீடு. சுற்றிலும் அவனிடம் விறகு வெட்டுகிறவர்களின் குடும்பங்கள், பத்து இருபது அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசைகள். அவன் மனைவி பூங்காவனம் வாசலுக்கு வந்து என் காலில் விழுந்தாள். கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மரவள்ளி இலையும் நெத்திலிக் கருவாடும் போட்டு ஒரு குழம்பு வைத்திருந்தாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் மழுப்பினான். நம் ஊர் சவுக்கு பச்சையாகவே எரிகிறதே, அந்த ஞாபகத்தில் போட்டுவிட்டேன் என்றான். சவுக்கு பச்சையாகவும் எரியும் என்பது உண்மைதான், எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால் இது சவுக்கா? இத்தனை வருஷம் இந்தக் காட்டில் இருந்துவிட்டு எனக்கே காது குத்துகிறாயா என்று கேட்டேன். அதன் பிறகு உண்மையைச் சொன்னான்.

பெக்கோக்கைச் சுற்றிக் கிட்டத்தில் இருந்த காடெல்லாம் தீர்ந்துவிட்டது. அவன் வந்த புதிதில் ரயில் பாதையின் ஓரத்திலேயே மரம் நின்றதாம். இப்போது மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அரை நாள் போனால்தான் கோடாலிக்கு வேலை. இனிமேல் மிச்சம் இருப்பது குடிசைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சரிவுதான். வெட்டிக்கொள் என்று ரயில் துரை அந்தச் சரிவை அவனுக்கே ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மரங்களில் சுண்ணாம்புக் குறி கூடப் போட்டாகிவிட்டது. தம்பி இரண்டு மாதமாகக் கோடாலியைத் தொடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அங்கங்கே கிடைத்த பச்சை மரத்தை உள்ளே வைத்து அடுக்கி ஒப்பேற்றினான். இனி ஒரு வண்டி நின்றால் கண்டிராக்டு போய்விடும். அதோடு அந்த இருபது குடும்பத்துக்கும் வேலை போய்விடும்.

“ஏண்டா இழுத்தடிச்சே?” என்றேன்.

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். பூங்காவனம் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்தாள்.

“நான்தான் அண்ணி விடல. அந்தச் சரிவுல மரம் போச்சுன்னா எங்களுக்குத் தண்ணி இல்ல லா.”

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வெட்டினால் நட்டுக்கொள்வதுதானே என்றேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாற்று மேடையில் கன்று முளைத்த பிறகுதான் தோப்பில் கோடாலி இறங்கும். நாற்று எங்கே போட்டிருக்கிறாய் என்று தம்பியைக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். அலமாக் என்று மலாய்க்காரர் மாதிரி வியந்து, காட்டை யாராவது நடுவார்களா, இந்த நாட்டுக் காட்டை வெட்டி மாளுமா என்றான். அதே வாயால்தான் சற்று முன் காடு தீர்ந்துவிட்டது என்று சொன்னான். நானும் சுட்டிக்காட்டினேன்.

மறுநாள் காதுகுத்து. பிள்ளை ஊரைக் கூட்டி அழுதான், நான் கொண்டுபோன பொட்டுக் கடுக்கன் சரியாக இருந்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் பூங்காவனம் குடத்தை எடுத்துக்கொண்டு, வாங்க அண்ணி, ஒண்ணு காட்டணும் என்று கூப்பிட்டாள். முதலில் சரிவுக்குக் கூட்டிப் போகவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், தம்பி மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டி முடித்த மேட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே லாலான் புல் இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. நடுவில் கரிந்துபோன திட்டுகள். ரயில் பொறி விழுந்து வெயில் காலத்தில் பற்றிக்கொள்ளுமாம், முளைக்கிற ஒன்றிரண்டு மரக்கன்றும் அதில் போய்விடுமாம். கீழே ஓர் ஓடையின் தடம் இருந்தது. முன்பு அதில் குளிப்பார்களாம். இப்போது மழை பெய்தால் செம்மண் குழம்பாக ஓடுகிறது, மழை நின்றால் இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. நான் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்தேன். மேல் மண் முழுக்கப் போய், களியும் கல்லும்தான் மிஞ்சியிருந்தன. இதில் சவுக்கும் வராது, எதுவும் வராது. நட்டுக்கொள்ளலாம் என்று பேசிய வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு சரிவுக்குப் போனோம். வெயிலிலிருந்து கிணற்றுக்குள் இறங்கியது போல் குளிர்ந்தது. மரங்களுக்கு அடியில் ஓடை சலசலவென்று வந்தது. அப்படி ஒரு தெளிந்த தண்ணீரை நான் கடற்கரை ஊரில் கண்டதே இல்லை. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்புக் குறி. பூங்காவனம் குடத்தை முக்கிக்கொண்டே சொன்னாள். குடிசைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார்களாம். தண்ணீர் போய்விடும், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும் என்று முறையிட்டார்களாம். கிணறு வெட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். துரை வந்தபோது அவரிடமும் சொன்னார்கள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், கண் மட்டும் வேறு பக்கம் போனது. ஓடையின் குறுக்கே சிமிட்டியில் சின்னதாக ஓர் அணை. அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் புதருக்குள் புகுந்து இறங்கிப் போனது. இது எங்கே போகிறது என்று கேட்டேன். ஸ்டேஷன் தொட்டிக்கு என்றாள் பூங்காவனம். அந்தத் தொட்டியிலிருந்துதான் வருகிற வண்டிக்கெல்லாம் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. இஞ்சினுக்கு விறகு மட்டும் போதாது. விறகை விடத் தண்ணீர்தான் அதற்கு ஓயாமல் வேண்டும். எங்கள் ஊர் ஸ்டேஷனில் கோடையில் கிணறு வற்றினால் ரயில்காரர்கள் எப்படிப் பறப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். அவர்களோடு வருஷக்கணக்காக வியாபாரம் செய்தவள் நான். அவர்களுக்கு எந்தக் காது கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

“பூங்காவனம், உங்க தாகத்தைச் சொன்னீங்க, அவங்க காதுல விழல. இஞ்சின் தாகத்தைச் சொல்லிப் பாக்கலாம்” என்றேன்.

வண்டி நின்ற விஷயத்தை விசாரிக்க மறுநாள் துரை டிராலியில் வந்து இறங்கினார். நான்கு பேர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் துரையைக் கண்டால் பாதி ஆளாகிவிடுவார். நானும் பூங்காவனமும் போய் நின்றதைப் பார்த்ததும் அவர் எங்களை மறித்துக்கொண்டு வந்தார்.

“அம்மா, இப்ப வேண்டாம். துரை கோவத்திலை இருக்கிறார். பிறகு கதைப்பம்” என்றார்.

பிறகு பேச நான் இந்த ஊரிலா இருக்கப் போகிறேன்? துரையைப் பார்த்தே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மாஸ்டர் மொழிபெயர்த்தார். பச்சை விறகு போட்டது தப்பு, அது என் தம்பிதான், நானும் விறகுக்காரி, அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை என்று முதலில் சொன்னேன். துரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சரிவைச் சொன்னேன். எதிர்மேட்டு ஓடையின் கதியைச் சொன்னேன். இந்தச் சரிவை வெட்டினால் இரண்டு வருஷத்தில் தொட்டியில் சேறுதான் வரும், வெயில் காலத்தில் அதுவும் வராது, காய்ந்த விறகை மலையாகக் குவித்து வைத்தாலும் இஞ்சின் இங்கே வெறும் வயிற்றோடுதான் நிற்கும் என்றேன்.

மாஸ்டர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். “இதை நான் யோசிக்கேல்லை” என்று மெல்லச் சொல்லிவிட்டு மீதியைத் தொடர்ந்தார்.

துரை உடனே கிளம்பினார். எதிர்மேட்டுக்கு நடந்தார், காய்ந்த ஓடையில் பூட்ஸோடு இறங்கினார், அணைக்கும் போய்ப் பார்த்தார். வேர்வை வழிய வழிய ஒரு நிழலில் கூட நிற்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்ததும் மாஸ்டரிடம் இரண்டே வாக்கியம் பேசினார். தொட்டிக்குத் தண்ணீர் என்றால் அது வேறு விஷயம், அந்தச் சரிவில் ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று மாஸ்டர் எங்களுக்குச் சொன்னார். பூங்காவனம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இதை ஏன் ஒருத்தரும் முந்திச் சொல்லேல்லை எண்டு துரை கேக்கிறார்” என்றார் மாஸ்டர்.

பூங்காவனம் அவரை நேராகப் பார்த்தாள்.

“சொன்னோமே” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாஸ்டர் மொழிபெயர்க்கவில்லை.

தம்பியின் கண்டிராக்டும் பிழைத்தது. இந்த ஒரு தடவை மன்னித்து விடுவதாகவும், சரிவுக்குப் பதில் பாலோப் பக்கம் வேறொரு மலையைக் கொடுப்பதாகவும் துரை சொன்னார். பாதைக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற மலை, அத்தனையும் முற்றின மரம். வண்டி கட்ட வேண்டாம், உருட்டிவிட்டாலே தண்டவாளத்துக்கு வந்துவிடும். தம்பி தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தான். வழியில் சீனன் கடையில் எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தான். கட்டிப்பால் ஊற்றிய கோப்பி, பாயசம் மாதிரி இனித்தது. குடிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நானும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனேன், மறைப்பானேன்.

மறுநாள் காலையில் சோறு போட்டுக்கொண்டே பூங்காவனம் கேட்டாள்.

“அந்தப் பாலோ மலைக்குக் கீழ யாரு இருக்காங்க?”

கம்பம் என்று அங்கே சொல்கிற ஒரு சின்னக் கிராமம், மலாய்க்காரர்கள் பத்து வீடு இருக்கும் என்றான் தம்பி.

“அங்க ஓடை இருக்கா?”

“மலைன்னா ஓடை இல்லாமலா? இருக்கும்.”

“அதுல இஞ்சினுக்குக் குழாய் போகுதா?”

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, “இல்ல. அங்க வண்டி நிக்காது” என்றான். நீ சாப்பிடு என்று பூங்காவனத்திடம் சொன்னேன். அவள் சாப்பிடவில்லை. நான் வெட்டாவிட்டால் வேறு ஒருவன் வெட்டத்தான் போகிறான் அக்கா, இந்த இருபது குடும்பத்தை நான் எங்கே கொண்டுபோய் விடுவேன் என்றான் தம்பி. அவன் கேட்டதும் நியாயம்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அது எனக்கே அதிசயமாக இருந்தது.

ரயிலைத் திட்டுவதும் எனக்கு முடியாத காரியம். அது இல்லாவிட்டால் தம்பி முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன், மருமகன் காதில் கடுக்கன் ஏறியிருக்காது. என் தோப்பும் அதற்குத்தான் சோறு போட்டது, அது எனக்குச் சோறு போட்டது. ஆனால் என் தோப்பை நான் நட்டேன், அந்த மணலில் எனக்கு முன்னால் யாரும் குடம் வைத்துக் காத்திருக்கவில்லை. இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. புறப்படுகிற அன்று ஸ்டேஷனில் பூங்காவனம் ஒரு ஈரத் துண்டை என் தோளில் போட்டுவிட்டாள். குழந்தை என் காதைப் பிடித்து இழுத்தது. அழுதுகொண்டேதான் வண்டி ஏறினேன்.

இந்தத் தடவை விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. புகை மெல்லிசாகப் போனது, வண்டி மேட்டிலும் வளைவிலும் தங்கு தடையில்லாமல் ஓடியது. பாலோ வருவதற்கு முன்னால் தம்பி சொன்ன மலை வந்தது. பாதையை ஒட்டி நெடுநெடுவென்று மரங்கள், அடிவாரத்தில் தென்னைகளுக்கு நடுவே சில வீடுகள், பாதைக்கு மிகக் கிட்டத்தில் ஓர் ஓடை. நாலைந்து பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஒரு சிறுமி தண்ணீரிலிருந்து எழுந்து கையசைத்தாள். எங்கள் பெட்டியில் எல்லாரும் திருப்பிக் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, அந்தத் தண்ணீருக்குள் எங்காவது ஓர் இரும்புக் குழாய் கிடக்காதா என்று, வண்டி வளைகிற வரைக்கும் தேடிக்கொண்டிருந்தேன்.